‘ஓடிப்போய் எடுத்துட்டு வாடா!’ பறவை வேட்டைக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர், வடமதுரை பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. லீவு நாள், சாயங்கால நேரம். குளத்தங்கரைப் புளியமரத்தில் கொக்கும் மடையானும் வந்து அடைய ஆரம்பித்திருக்கும். ஒரு பைக் வந்து நிற்கும். மாமா, அவருடைய கூட்டாளி, நடுவில் பத்து வயதுப் பையன். சாக்குப் பையிலிருந்து ஏர்கன் வெளியே வரும். ‘டப்’பென்று ஒரு சத்தம். மரம் முழுக்க இறக்கையடிப்பு. ஒன்று மட்டும் கீழே விழும்.

பெரியவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார்கள். “டேய், ஓடிப்போய் எடுத்துட்டு வாடா!”

பையன் ஓடுவான். பறவை செத்திருந்தால் பரவாயில்லை. பாதி உயிரோடு சேற்றில் துடித்துக்கொண்டிருந்தால்? அதையும் அவன்தான் கையில் எடுக்க வேண்டும்.

இது ஒரு குறிப்பிட்ட ஊரில் நடந்த குறிப்பிட்ட சம்பவம் இல்லை. தமிழ்நாட்டின் மானாவாரிப் பகுதிகளில் வளர்ந்த பலர், “நாங்களும் இப்படித்தான் போனோம்” என்று சாதாரணமாகச் சொல்லும் விஷயம். அன்றைக்குப் பையன் கையில் உண்டிவில் இருந்தது, இன்றைக்கு மொபைல் இருக்கிறது. சுடுவதை அவன் வீடியோ எடுக்கிறான். பின்னணியில் ஒரு மாஸ் பாட்டைப் போட்டால் ரீல்ஸ் ரெடி.

பறவையைச் சுடுவது தப்பு என்பது பலருக்குத் தெரியும். கூட நின்று பார்க்கும் குழந்தையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதில் என்ன பிரச்னை இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பொழுதுபோக்குக்காகக் காட்டுப் பறவையைச் சுட எந்த வழியும் இல்லை. எப்போதும் இப்படி இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சில விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாட அதில் இடம் இருந்தது. சிறு வேட்டை, பெரு வேட்டை என்று தனித்தனி அனுமதிகளே இருந்தன. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடியது. தாத்தா லைசென்ஸோடு வேட்டைக்குப் போனார் என்று ஒரு வீட்டில் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். பேரனுக்கு அந்த வசதி கிடையாது.

2022-ல் இதே சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல்கள் சுருக்கப்பட்டன, அபராதங்கள் கூடின. பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் மாதிரி முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை. அதிகபட்சம் ஏழு.

பலர் கவனிக்காத இரண்டு அம்சங்கள் இந்தச் சட்டத்தில் உண்டு. ‘வேட்டை’ என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. வலை விரிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். அடுத்து, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட காட்டு உயிரினம் அரசின் சொத்து. அதாவது மாமா சுட்டு, மருமகன் ஓடிப்போய் எடுத்து வரும் அந்தக் கொக்கு சட்டப்படி அரசாங்கத்துக்குச் சொந்தமானது. பையன் தூக்கி வருவது குற்ற வழக்கின் சாட்சியப் பொருள். மாமா அதை அவனிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-வது பிரிவில், அடைத்து வைத்த விலங்கையோ பறவையையோ திறந்துவிட்டுச் சுடும் போட்டியை நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். தண்டனை? முதல் முறை மாட்டினால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். எழுத்துப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். திண்டுக்கல்லில் அந்தக் காசுக்கு அரை பிளேட் பிரியாணி கூடக் கிடைக்காது. 1960-ல் போட்ட தொகை அப்படியே நிற்கிறது.

இரண்டு சட்டங்களையும் வரிவரியாகப் படித்தாலும், பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுடுகிறவரைச் சட்டம் பார்க்கிறது, பறவையையும் பார்க்கிறது. பறவையைப் பொறுக்கப் போகும் பையன் அதன் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் நடந்த கதை

‘திறந்துவிட்டுச் சுடும் போட்டி’ நம் ஊருக்குக் கேள்விப்படாத ஒன்று. ஆனால் உலகத்தில் அது ஒரு காலத்தில் மதிப்பான விளையாட்டு. 1900 பாரிஸ் ஒலிம்பிக் காலத்தில் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டியே நடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் டி லண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலிடம் பிடித்தார். கூண்டிலிருந்து பறவையை விட்டுச் சுடுவதை 1921-ல் பிரிட்டன் தடை செய்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மட்டும் அது ஊர்த் திருவிழாவாகவே தொடர்ந்தது.

அங்கே ஹெகின்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1934-லிருந்து ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில் புறா சுடும் போட்டி. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான புறாக்கள். சாப்பாட்டுக் கடை, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நம் ஊர் திருவிழாவில் ராட்டினம் நிற்கிற இடத்தில் அங்கே கூண்டுகள் நின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

சுடப்பட்ட எல்லாப் புறாவும் உடனே சாகாது. காயத்தோடு புல்லில் கிடக்கும். அவற்றைப் பொறுக்குவதற்கு ஊர்ச் சிறுவர்கள் இருந்தார்கள். ‘டிராப்பர் பாய்ஸ்’ என்று பெயர். உயிரோடு இருந்தால் கழுத்தைத் திருகிப் போடுவதும் அவர்கள் வேலை. போட்டியை எதிர்த்தவர்கள் கேமராவைத் திருப்பியது சுட்டவர்கள் பக்கம் மட்டும் இல்லை, இந்தச் சிறுவர்கள் பக்கமும்தான். புறா சாவதைப் பார்த்துச் சும்மா இருந்தவர்களைக்கூட, ஒரு சிறுவன் அதன் கழுத்தைத் திருகும் படம் தொந்தரவு செய்தது. 1999-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், விலங்குவதைத் தடுப்பு அதிகாரி இதில் சட்ட நடவடிக்கை எடுக்கலாம் என்று சொன்ன பிறகு அமைப்பாளர்கள் போட்டியைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த மாநிலத்தில் தனியார் கிளப்புகளில் புறா சுடுவது அதன் பிறகும் நிற்கவில்லை.

ஹெகின்ஸில் பொறுக்கியவனும் வேடசந்தூரில் ஓடுகிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ‘குழந்தைகள் பார்க்கலாமா’ என்ற கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்படுகிறது. இந்த விஷயத்தில் வெறுமனே பார்க்கும் குழந்தை என்று யாரும் இல்லை. பையைப் பிடிக்கச் சொல்வார்கள், டார்ச் அடிக்கச் சொல்வார்கள், எடுத்து வரச் சொல்வார்கள், வீடியோ எடுக்கச் சொல்வார்கள். பெரியவர்களின் தைரியத்துக்கு ஒரு சின்ன ஆடியன்ஸ் வேண்டும். அந்த இடத்தில் குழந்தை நிற்கிறது.

பார்த்தால் என்ன ஆகும்?

‘சின்ன வயசில் இதைப் பார்த்தவன் பெரியவனானதும் ரவுடி ஆவான்’ என்று வாட்ஸ்அப்பில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி நேர்கோடாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வேட்டைக்குப் போன குடும்பங்களில் பிறந்த கோடிக்கணக்கானவர்கள் சாதாரணமாகத்தான் வாழ்கிறார்கள்.

ஆனால் ஒன்று பல காலமாகத் தெரியும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த ஒரு பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விட்டபோது, பார்த்த குழந்தைகள் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளைக்கூடச் சொன்னார்கள். பொம்மையும் பறவையும் ஒன்றா என்று கேட்டால், இல்லைதான். பொம்மைக்கு வலிக்காது என்று குழந்தைக்கும் தெரியும். அந்தச் சோதனையின் மீது இந்த விமர்சனமும் உண்டு. ஆனாலும் தங்களுக்கு முன்னால் பெரியவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்து, இது செய்யக்கூடியதுதான் என்று குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள் என்பதை மறுக்க முடியாது.

விலங்குவதைக்கும் மற்ற வன்முறைக்கும் தொடர்பு இருக்கிறது என்ற ஆய்வுகள் வெளிநாடுகளில் நிறைய வந்திருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ 2016 முதல் விலங்குவதையைத் தனிக் குற்ற வகையாகவே பதிவு செய்கிறது. தொடர்பு இருப்பது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பயமுறுத்துவதில் பயனில்லை.

பயமுறுத்தாமலே கவலைப்பட ஒரு காரணம் இருக்கிறது. துடிக்கும் பறவையைக் கையில் எடுத்ததும் குழந்தை முதலில் செய்வது, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்ப்பது. அவர் சிரித்தால், தனக்குள் வந்த பாவத்தை வெளியே காட்டக் கூடாது என்று புரிந்துகொள்ளும். “என்னடா, பொட்டப்புள்ள மாதிரி” என்று ஒரு வார்த்தை விழுந்தால் அதோடு கதை முடிந்தது. ஆண்பிள்ளை என்றால் இதற்கெல்லாம் கலங்கக் கூடாது என்ற பாடம், ஒரு கொக்கின் செலவில், அங்கேயே நடந்து முடிகிறது.

‘சலீம் அலியே சுட்டார்!’

எதிர்வாதம் பலவீனமானது இல்லை. இந்தியப் பறவையியலின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் சலீம் அலி, சின்ன வயதில் மும்பையில் பொம்மைத் துப்பாக்கி மாதிரியான ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டவர். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி என்று தெரியாமல் மாமாவிடம் கேட்டார். மாமா அமிருதீன் தியாப்ஜியே ஒரு வேட்டைக்காரர். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே மில்லர்ட் என்ற வெள்ளைக்காரச் செயலாளர், அலமாரி அலமாரியாகப் பதப்படுத்திய பறவைகளைத் திறந்து காட்டினார். சலீம் அலியின் வாழ்க்கை அங்கே திரும்பியது. 1985-ல் வந்த தன் வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரிலேயே அந்தக் குருவி இருக்கிறது.

ஆக, துப்பாக்கி பிடித்த பையன் பறவைகளைக் காப்பாற்றும் ஆளாக வளர முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதையில் பையனை மாற்றியது குண்டு இல்லை. ‘இது என்ன பறவை?’ என்று அவன் கேட்டான், அதற்குப் பதில் தேடிக் கொடுக்கப் பெரியவர்கள் இருந்தார்கள். நம் குளத்தங்கரையில் ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டால், “கறி நல்லாருக்கும்டா” என்பதைத் தாண்டிப் பதில் வருமா?

கறிக்காகப் பிடிப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை, சேர்த்துப் பேசக் கூடாது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினருக்குப் பறவை பிடிப்பது தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாக இருந்தது. ஒரு பெயரிலேயே குருவி இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குழந்தை வேட்டையைப் பார்த்தது பொழுதுபோக்காக இல்லை, குடும்பத் தொழிலாக. அந்த வழியைச் சட்டம் அடைத்தபோது, மாற்று வழியைத் திறந்துவிட அரசு அவ்வளவு வேகம் காட்டவில்லை. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆனது. காரில் வந்து பொழுதுபோக்குக்குச் சுடுகிறவரையும் இவர்களையும் ஒரே பார்வையில் வைப்பது நியாயம் இல்லை.

விவசாயிகளின் கோபமும் வேறு. மயில் வந்து விதையைக் கிளறிவிட்டுப் போவது திண்டுக்கல் மாவட்ட விவசாயிகளுக்குத் தினசரித் தலைவலி. அதற்கு நிவாரணம் கேட்பதும் வழி கேட்பதும் நியாயமான விஷயம். ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கியோடு அதைக் கலக்க வேண்டாம்.

காடை சாப்பிட ஆசை என்றால் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை ஊர் முழுக்கக் கிடைக்கிறது. குளத்தங்கரைக்கு வருகிறவர்கள் பசியில் வருவதில்லை.

ஐ.நா. ஏன் இதில் பேசுகிறது?

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. அதைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு சில ஆண்டுகளாக ‘பார்க்கும் குழந்தை’யைப் பற்றியும் பேசத் தொடங்கியிருக்கிறது. காளையைக் கொல்லும் போட்டிகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் கலந்துகொள்வதையும் பார்ப்பதையும் தடுக்க வேண்டும் என்று 2018-ல் ஸ்பெயினுக்குச் சொன்னது. 2023-ல் சுற்றுச்சூழல் பற்றி வெளியிட்ட 26-வது பொதுக் கருத்துரையில் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. வீட்டு வன்முறையைக் குழந்தை பார்க்க நேர்வதையும், விலங்குகள் மீதான வன்முறையைப் பார்க்க நேர்வதையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டிலிருந்தும் பாதுகாக்க வேண்டும் என்றது.

இங்கே உடனே ஒரு கேள்வி வரும். அப்போ ஜல்லிக்கட்டு? நத்தம் பக்கம் வாடிவாசலைச் சுற்றி அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைகள்? ஸ்பெயினில் காளையைக் கொல்வதுதான் முடிவு. ஜல்லிக்கட்டில் ஆயுதம் கிடையாது, காளை வீட்டுக்குத் திரும்புகிறது. தமிழ்நாட்டின் 2017 சட்டத் திருத்தத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சேவல் சண்டைக்கு இந்தச் சமாதானம் அவ்வளவு எளிதில் பொருந்தாது. 2017 திருத்தத்தில் அதற்கு இடம் இல்லை. காலில் கத்தி கட்டிவிடும் கட்டுச் சேவல் களத்தில் ஒரு சேவல் ரத்தத்தோடு சாய்வதைப் பார்க்க, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குந்தியிருக்கும் சிறுவர்களைப் பொங்கல் நேரத்தில் பக்கத்துக் கரூர் மாவட்டத்தில்கூடப் பார்க்கலாம். பாரம்பரியம் என்பதற்காகப் பறவையின் வலி குறையப் போவதில்லை.

ஒரு முரணையும் இங்கே சொல்லியாக வேண்டும். சினிமாவில் ரத்தம் தெறித்தால் ‘ஏ’ சான்றிதழ், 18 வயதுக்குக் கீழே தியேட்டருக்குள் விட மாட்டார்கள். 2024-ல் வந்த புதிய விதிகளில் 7, 13, 16 என்று வயது பிரித்துச் சான்றிதழ் தருகிறார்கள். திரையில் ஒரு புறா பறந்தால்கூட விலங்கு நல வாரியத்தின் அனுமதி கேட்கிறார்கள். நிஜ ரத்தத்துக்கு டிக்கெட்டும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

இந்த மண்ணிலேயே நடந்த வேறு கதைகள்

வேட்டை நம் பாரம்பரியம் என்று பேசுகிறவர்களுக்கு, வேடந்தாங்கல் கதை கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஊர்ப் பெயருக்கே வேடர்கள் தங்கிய இடம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1798-ல் கலெக்டர் ‘கவுல்’ என்ற எழுத்துப்பூர்வமான உறுதி கொடுத்தார். பொழுதுபோக்காகச் சுட வந்தவர்கள் வெளியூர்த் துப்பாக்கிக்காரர்கள். தடுத்தவர்கள் உள்ளூர் விவசாயிகள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டம் சிவகங்கை. அங்கே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வரும் நாரைகளும் கொக்குகளும் பயந்து போய்விடக் கூடாது என்பதற்காக. தீபாவளி அன்று ஒரு குழந்தையை வெடி வெடிக்காமல் நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத் தெரிவதில்லை, ஊர்ப் பெருமையாகத் தெரிகிறது. வனத்துறை வந்து இனிப்பு கொடுக்கிறது, பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன.

வேட்டையின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பழனி பக்கம் கோதைமங்கலத்தில் விஜயதசமி அன்று நடக்கும் அம்பு போடும் நிகழ்ச்சியில் வில் உண்டு, அம்பு உண்டு, வதம் உண்டு, குழந்தைகள் கூட்டமும் உண்டு. கன்னியாகுமரி பகவதி அம்மன் பரிவேட்டையும் இப்படித்தான். அங்கிருந்து யாரும் துடிக்கும் உயிரைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தக் கட்டுரையை மொபைலில் படிக்கும் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கலாம். பொங்கலுக்கோ மே மாத லீவுக்கோ ஊருக்குப் போகும்போது, “புள்ளைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்” என்று சித்தப்பாவோ மாமாவோ வண்டியை எடுப்பார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை மேல் பாசம்தான். அவர் சின்ன வயதில் அவருடைய அப்பா அவரோடு தனியாகச் செலவிட்ட நேரம் ஒருவேளை அது மட்டும்தானோ என்னவோ. அதை மறுபடி வாழ்ந்து பார்க்க நினைக்கிறார்.

அவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி வாதாடினால் வீட்டில் சண்டைதான் வரும். “குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா, கன்னை மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போங்க” என்று சொல்லிப் பார்க்கலாம். எந்த மரத்தில் எது அடையும், எந்த மாதம் எது வரும், எது எப்படிக் கத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேட்டைக்குப் போன கண்களுக்குத் தெரிந்த அளவு பறவை, பைனாகுலர் வாங்கிய ஐ.டி. ஊழியருக்குத் தெரியாது.

குழந்தை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், திட்டுவதில் பயன் இல்லை. அது அவனுடைய முடிவு இல்லை. ‘நீ எடுத்தப்போ அது உயிரோட இருந்துச்சா?’ என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

போனில் அந்த வீடியோ இருந்தால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தால், ஃபார்வர்டு செய்யாமல் விட்டுவிடுங்கள். அதில் மாமாவின் முகமும் பைக் நம்பரும் மட்டும் இல்லை, உங்கள் பையனின் குரலும் இருக்கிறது.